மதகுக்கும் ஷட்டருக்கும் நடுவே பதினைந்து கிலோ

என் தம்பியின் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போன வருஷம் எனக்கு நாற்பத்தாறு வயது, எண்பத்தொன்பது கிலோ எடை. வயதைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. எடையைப் பார்த்ததும்தான் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ரத்த வகை ஒண்ணுதான். மத்த டெஸ்ட்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். ஆனா இந்த எடையோட உங்க கிட்னியை எடுக்க மாட்டேன். எழுபத்துநாலுக்கு வாங்க, பேசுவோம்."

"எத்தனை நாள்ல சார்?"

"தம்பி வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ்ல இருக்கார். அவர் உடம்பு ரொம்ப நாள் தாங்காது. அதுக்காகப் பட்டினி கிடந்து மயங்கி விழுந்துடாதீங்க. அப்புறம் உங்களுக்கு ஒரு பெட் போடணும்."

தஞ்சாவூரில் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அரசுப் பள்ளியில் இருபது வருஷமாக அறிவியல் பாடம் நடத்துகிறேன். மாவுச்சத்து, கொழுப்பு, கலோரி எல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள். ஒரு நாளாவது என் தட்டைத் திரும்பிப் பார்த்தேனா? தம்பி மனைவியின் ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. மிச்சம் இருந்தவள் நான் ஒருத்தி. நானும் பதினைந்து கிலோ தள்ளி நின்றேன்.

இதில் இன்னொரு சிக்கல் என் தம்பியே. யாரிடமும் உறுப்பு வாங்கமாட்டேன் என்று அவன் முதல் நாளே சொல்லிவிட்டான். "அரசாங்கப் பட்டியல்ல பேரு குடுத்திருக்கேன்ல, வந்தா வரட்டும். உன்னை அறுத்து எனக்கு வைக்கணுமாக்கும்? போக்கா." அதனால் அவனிடம் வாய் திறக்கவில்லை. எடையைக் குறைத்துவிட்டு, டாக்டர் சரியென்று சொன்ன பிறகு போய் நிற்பது. அப்போது எப்படி மறுக்கிறான் பார்ப்போம் என்பதுதான் என் திட்டம். ஊருக்கும் வீட்டுக்கும் மூட்டுவலி என்று சொல்லிக்கொண்டேன். உண்மை தெரிந்தவர் என் வீட்டுக்காரர் மட்டும்.

மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் என் போனில் ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்தாள். தின்றதையெல்லாம் அதில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு கலோரி, அதற்கு மேல் போனால் எண் சிவப்பாகும். வாரம் ஐந்து நாள் வேக நடை. எந்த வேகம் என்று கேட்டதற்கு, "பேச்சு வரணும், பாட்டு வரக் கூடாது. அந்த வேகம்" என்றாள். கையில் கட்ட ஒரு கடிகாரம் வாங்கச் சொன்னாள். அது நாடித்துடிப்பையும் எத்தனை அடி நடந்தேன் என்பதையும் காட்டும்.

முதல் மூன்று வாரம் ஒரு கிலோகூட இறங்கவில்லை. எண் சிவப்பாகவும் இல்லை. எந்திரம் பொய் சொல்கிறது என்று திட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்ப வாயில போட்டியே அந்த வடை, அதை எழுதினியா?" என்றார். உப்புப் பார்க்கப் போட்டது என்றேன். "காலையில சட்டியை வழிச்சுத் தின்னது?" வீணாய்ப் போகிறதே என்று தின்றது என்றேன். "ஸ்டாஃப் ரூம்ல மூணு டீ?" எனக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து தட்டில் போட்டுச் சாப்பிட்டால்தான் சாப்பாடு என்று நாற்பத்தாறு வருஷம் நினைத்திருக்கிறேன். நின்றுகொண்டு தின்றதை எழுதத் தொடங்கியதும் சாயந்திரம் நாலு மணிக்கெல்லாம் எண் சிவந்துவிட்டது. அந்த வாரம்தான் முதல் ஒன்றரை கிலோ இறங்கியது.

நடப்பது அதைவிடப் பெரிய பாடு. திருவிடைமருதூரில் எங்கள் தெருவில் ஒரு பொம்பளை காலையில் விறுவிறுவென்று நடந்தால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது நாளே மூன்று வண்டிகள் பக்கத்தில் வந்து நின்றன. "டீச்சர், ஸ்கூட்டி ரிப்பேரா? ஏறுங்க, நான் விடுறேன்." வேண்டாம் என்றால் முகம் சுருங்கிப்போகிறது. இன்னொருவர் பதறிப்போய், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். பழைய மாணவன் ஒருவன் கடைக்குள் இழுத்து உட்காரவைத்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் பாலும் சர்க்கரையுமாக ஒரு காப்பி கொடுத்தான். நடந்தது நூற்று முப்பது கலோரி, குடித்தது நூற்று இருபது. என்னத்தைச் சொல்ல!

அதனால் விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே, என்னைத் தெரியாத ஒரு கிராமத்து வாய்க்கால் கரைக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு பக்கம் மதகு, அதிலிருந்து நானூறு அடி தள்ளி வாய்க்காலின் இரும்பு ஷட்டர். ஷட்டரைத் தாண்டினால் நாலு நாய்கள், மதகைத் தாண்டினால் சேறு. ஆகவே இரண்டுக்கும் நடுவே போவதும் வருவதுமாக நடந்தேன். தொப்பி, சுடிதார், வெள்ளைக் காலணி. நாலு நடைக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்ப்பேன், போனில் குறித்துக்கொள்வேன். பாட்டு வருகிறதா என்று அவ்வப்போது வாயைத் திறந்து பார்ப்பேன். பல்லவிக்கு மேல் வராது. அந்த வேகம் சரி என்று எனக்கே ஒரு பெருமை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போவது வழக்கம். அம்மா இருப்பது தம்பி வீட்டில், ஐந்து மைல் தள்ளி நான் பிறந்த எங்கள் ஊரில். பையில் எண் காட்டும் சின்னத் தராசு ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். தட்டை அதன்மேல் வைத்து, "நூத்தம்பது கிராம் சோறு போதும்மா" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"எதுக்குடி இது?"

"அளந்து சாப்பிடச் சொல்லியிருக்காங்கம்மா. மூட்டுக்கு."

"அளந்தா?" என்றார். முகம் மாறிவிட்டது. "பண்ணையில களத்து மேட்டுல நின்னு, மரக்கால்ல தலையைத் தட்டி அளந்து போட்ட நெல்லைக் குத்தித் தின்னவ நான். அரைப்படி கூடக் கேட்டோம்னு எங்க தெருவுல எத்தனை பேரை அடிச்சானுங்க தெரியுமா? எம் புள்ளைங்களுக்குன்னு உலை வச்ச நாள்லேருந்து நான் சோத்தை அளந்ததில்ல. இனிமேயும் அளக்கமாட்டேன். தூக்கி அந்தாண்ட வை அதை."

நான் தராசைப் பைக்குள் வைத்தேன். அம்மா தட்டு நிறையப் போட்டார். தின்றேன். ஆப்பில் எழுதியபோது அந்தத் தட்டுச் சோறு மட்டும் தொள்ளாயிரம் வந்தது. அம்மாமேல் எரிச்சல் வந்தது, அந்த எரிச்சலை நினைத்து வெட்கமும் வந்தது. நான் பிறந்து வளர்ந்த அந்தத் தெருவில் குண்டான முதல் பொம்பளை நான்தான். அம்மாவுக்கு அதில் எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறுகளில் ஏதாவது சாக்குச் சொல்லி, சாப்பாட்டு நேரம் கழித்தே போனேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்து வயல்களுக்கு அடியில் எரிவாயு இருக்கிறது, கிணறு தோண்டிக் குழாய் பதிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. யாரிடமும் சொல்லாமல் வந்து வயலை அளந்து கல் நட்டுவிட்டுப் போவார்கள். காலையில் ஊர் கூடிப் பிடுங்கிப் போடும். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், ஆட்சியில் இல்லாத கட்சிதான் எங்கள் பக்கம் பேசும். என் தம்பி எங்கள் ஊரையும் சேர்த்து எட்டு ஊருக்குப் போராட்டக் குழுவின் தலைவன். கூலிக்காரன் வீட்டில் பிறந்து மூன்று ஏக்கர் சொந்தமாக வாங்கியவன், விடுவானா? கையில் டயாலிசிஸ் ஊசி குத்திய கட்டோடு கூட்டம் போட்டுப் பேசுவான். "தெரியாத ஆளு வயக்காட்டுல அளந்துக்கிட்டு நின்னா விடாதீங்க, பிடிச்சு உக்கார வைங்க, எனக்குப் போன் பண்ணுங்க." எல்லா ஊரிலும் இதைத்தான் சொல்லிவைத்திருந்தான்.

எண்பத்தொன்றுக்கு வந்திருந்தேன். ஒரு புதன்கிழமை, ஆறாவது நடையில், வாய்க்காலுக்குக் கீழே நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஐந்தாறு பேர் முழங்கால் சேற்றோடு கரையேறி வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். வயதில் மூத்த ஒரு அம்மா முன்னால் வந்தார்.

"நில்லுங்கம்மா. எந்த ஆபீஸு நீங்க?"

"ஆபீஸும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் நடக்கிறேன்."

"அதான் பத்து நாளா பார்க்கிறோமே. மதகுலேருந்து ஷட்டர், ஷட்டர்லேருந்து மதகு. நடக்கிறவங்க எங்கயாச்சும் போய்ச் சேருவாங்க. நீங்க இங்கயேதானே அளந்துக்கிட்டு இருக்கீங்க?"

"அந்தப் பக்கம் நாயிம்மா!"

யாரும் நம்பவில்லை. ஒருத்தி என் போனை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள், "அடி ஆத்தே, மேப்பு!" என்று கத்தினாள். அந்தப் பாழாய்ப்போன ஆப் நான் நடந்த வழியை வரைபடத்தில் சிவப்புக் கோடாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. அவர்களுடைய வயல், அவர்களுடைய வாய்க்கால், நடுவில் சிவப்புக் கோடு, கீழே நான் நடந்த அடிக்கணக்காக இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது என்று ஒரு எண். எனக்கே ஒரு நிமிஷம் குழாய் பதிக்க வந்தவள் மாதிரிதான் தோன்றியது.

"டீச்சருங்க நான்" என்றேன். "போன தடவை வந்தவனும் தாசில்தார்னுதான் சொன்னான்" என்றார் மூத்த அம்மா. அதற்குள் ஒருத்தி தன் போனில் யாரையோ கூப்பிட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணே, ஒரு பொம்பள மாட்டிக்கிச்சு. மேப்போட நிக்குது."

"விடாதீங்க" என்றது என் தம்பியின் குரல். "போனை வாங்கி வைங்க. எதுக்கு அளக்கிறான்னு கேளுங்க."

இரண்டு பேர் என் கையைப் பிடித்தார்கள். பத்து மணிக்கு வகுப்பு. வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"எதுக்கா? போன்ல பேசுறானே, அந்தத் தடிமாடு என் தம்பிதான்! அவனுக்குக் கிட்னி குடுக்கணும்னு இந்த உடம்பைக் குறைக்க நடக்கிறேன்! பதினஞ்சு கிலோ குறைச்சாத்தான் எடுப்பாங்களாம், எட்டு குறைச்சுட்டேன், மிச்சம் ஏழையும் நடந்து தீர்க்க விடுவீங்களா மாட்டீங்களா?"

பிடித்த கைகள் விலகின. போனிலிருந்து "அக்கா" என்று மட்டும் வந்தது. பிறகு துண்டித்துவிட்டான்.

கால் மணி நேரத்தில் யாரோ ஓட்ட, வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தான். முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. இறங்கி மதகுக் கட்டையில் உட்கார்ந்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். சுடிதார் தொளதொளவென்று இருந்ததை அப்போதுதான் கவனித்தான் போலிருக்கிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லுவேன்னு தெரியும்டா."

"தெரியும்ல? அப்ப வேணாம். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மாமா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? எனக்கு வேணாம்க்கா."

மூத்த அம்மா இடுப்பில் கைவைத்தபடி அவன் எதிரே போனார்.

"ஏம்ப்பா தலைவரே, ஒரு அடி மண்ணை விட்டுக் குடுத்துடாதீங்கன்னு எங்களைக் கூட்டி வச்சுத் தொண்டை கிழியக் கத்துறே. உன் உசுரை மட்டும் சும்மா விட்டுக் குடுத்துடுவியோ? நீ போயிட்டா எங்களுக்கு யாரு கத்துவா?"

பெண்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. எழுந்து வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

பிறகு ஒரு வாரம் அவன் என் போனை எடுக்கவில்லை. எனக்கு நடக்கக் கால் எழவில்லை. வேண்டாம் என்கிறவனுக்காக எதற்கு நடப்பது? இரண்டு நாள் ஆப்பைத் திறக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்று நாலு பஜ்ஜி தின்றேன். தின்னும்போதே அழுகை வந்தது. அவன் செத்துப்போவான் என்கிற வார்த்தையை அதுவரை எனக்குள்ளே நான் சொல்லிப் பார்த்ததில்லை. அன்றைக்குச் சொல்லிப் பார்த்தேன். பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்து வரச் சொன்னார். "தராசை எடுத்துக்கிட்டு வா" என்றார். வாய்க்கால் கரைச் சங்கதி அவர் காதுக்கும் போயிருந்தது.

போனபோது தம்பி கூடத்தில் நாற்காலியில் இருந்தான், என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான். அம்மா என் பையிலிருந்து தராசை அவரே எடுத்தார். அடுப்படிக்குக் கொண்டுபோகாமல் அவன் எதிரே தரையில் வைத்தார். சோற்றுக் குண்டானையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தார்.

"எவ்வளவுடி?"

"நூத்தம்பதும்மா."

அம்மாவுக்கு அந்த எண்களைப் படிக்கத் தெரியாது. "வந்ததும் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். போதும்மா என்றேன். கரண்டி நின்றது. நூற்று எழுபது காட்டியது. "கூட இருக்கா?" என்றார். கொஞ்சம் என்றேன். விரலால் ஒரு பிடி எடுத்துத் திரும்பக் குண்டானில் போட்டார். என் தட்டிலிருந்து அம்மா சோற்றைத் திரும்ப எடுத்து நான் பார்த்ததே இல்லை.

அம்மா தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "பார்த்துக்கடா. எவன் அளந்தாலும் பொறுக்காதவ நான், உனக்காக இவளுக்கு அளந்து போடுறேன். இதுக்கு மேலயும் வேணாம்னு சொல்லுவியா?"

தம்பி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். நாற்பத்திரண்டு வயது ஆம்பளை, எட்டு ஊருக்குத் தலைவன், தோள் குலுங்க அழுதான். அம்மா அவனைத் தேற்றப் போகவில்லை. ரசம் ஊற்றவா என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் எத்தனை கிலோக்கா?" என்றான்.

"ஏழரை. உன்னாலதான் அரை கூடிப்போச்சு. பஜ்ஜி தின்னுட்டேன்."

மறுநாளிலிருந்து அதே வாய்க்கால் கரைக்குப் போனேன். நடவுப் பெண்கள் நாய்களைக் கட்டிப்போடச் செய்தார்கள். அதனால் ஷட்டரைத் தாண்டியும் நடக்க முடிந்தது. வயலில் குனிந்தபடியே, "டீச்சர், வேகம் பத்தலை, எங்க பாட்டுக்குக் கூடவே பாடுறீங்களே" என்று அதட்டுவார்கள். நான் நடந்த கரையை ஒட்டிய பயிர் பால் பிடித்து, மஞ்சளாகி, அறுப்பும் முடிந்தது. அதற்குள் எழுபத்து மூன்று கிலோ எழுநூறு கிராமுக்கு வந்திருந்தேன். டாக்டர் எடை எந்திரத்தில் என்னை இரண்டு தடவை ஏறி இறங்கச் சொன்னார். மற்ற பரிசோதனைகள் எல்லாம் பொருந்தின. அனுமதி கொடுக்கும் குழுவில் ஒரு அதிகாரி, "உங்களை யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா?" என்று கேட்டார். "நான்தான் சார் அவனைக் கட்டாயப்படுத்தினேன்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

திருச்சியில் அறுவை சிகிச்சை நடந்தது. எனக்கு நினைவு திரும்பியபோது சாயங்கால வெயில் சுவரில் இருந்தது. வாய் வறண்டு, விலாவில் தீயாக எரிந்தது. தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்க வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. நர்ஸ் என் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"அக்கா, உங்க கிட்னி அங்க போய் உடனே வேலையை ஆரம்பிச்சுடுச்சு. தம்பிக்கு யூரின் வந்துக்கிட்டே இருக்கு. ரெண்டு தடவை பையை மாத்திட்டோம்."

எட்டு மாதமாக அவனுக்கு அது சுத்தமாக நின்றுபோயிருந்தது. சிரித்தால் தையல் இழுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். சிரித்தேன், இழுத்தது, வலியில் கண்ணீரும் வந்தது.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. வெளியே நடைபாதையில் அம்மாவின் குரல் கேட்டது. வயலில் எட்டக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. "எம் புள்ள ஒண்ணுக்குப் போறான்! கேட்டீங்களா, எம் புள்ள ஒண்ணுக்குப் போறான்!" என்று முன்பின் தெரியாத ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அது சிறுநீரக வார்டு. அங்கே அதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. புருஷனுக்காகப் பல மாதமாய்க் காத்திருந்த ஒரு பெண் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, "நல்லா போகட்டும்மா, நல்லா போகட்டும்" என்று அழுதாள்.